மூன்று தம்பிடி ரயில்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம் எங்கள் ஊர் ரயில் நிலையத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். மறையுரையில் ரயிலுக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். நம் ஆண்டவர் வலையைப் பற்றியும் விதையைப் பற்றியும் புளித்த மாவைப் பற்றியும் பேசியவர். அவர் காலத்தில் ரயில் இருந்திருந்தால் அதையும் விட்டிருக்க மாட்டார்.

தஞ்சாவூர் ஜில்லாவுக்கு ரயில் வந்தது 1861-இல். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும், அடுத்த ஆண்டு திருச்சிக்கும் கம்பெனிக்காரர்கள் பாதை போட்டார்கள். ஆனால் அது ஜில்லாவின் நடுவே போனது. தெற்கே திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டைப் பக்கம் மாட்டு வண்டியும் தோணியும்தான். முத்துப்பேட்டை அப்போது ஒரு சிறிய துறைமுகம். கோரையாறும் பாமணியாறும் வந்து கலக்கிற காயல், சுற்றிலும் அலையாத்திக் காடு, காயல் வழியாகத் தோணிகள். இங்கிருந்து இலங்கைக்கு அரிசி போனது. ஊர் ரயிலால் பிறந்தது அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இது பிற்பாடு தேவைப்படும்.

எங்கள் பக்கத்துக்கு ரயில் கொண்டுவந்தது கம்பெனி அல்ல, ஜில்லா போர்டு. நிலத்தின் மீது ரூபாய்க்கு மூன்று தம்பிடி ரயில் வரி வைத்தார்கள். மூன்று தம்பிடி என்றால் காலணா. ஒரு ரூபாயில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. அப்படிச் சேர்ந்த பணத்தில் போர்டு தன் சொந்த ரயில் பாதையைப் போட்டது. 1894-ஆம் ஆண்டு மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரைக்கும் 54 மைல் தூரம் வண்டி ஓடியது. பாதை போர்டுடையது, வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி.

வரியைக் கட்டியவர் மிராசுதார் என்று கணக்கில் இருக்கும். அந்தக் காலணாவை நெல்லாக விளைவித்தவர் பண்ணையாள். அவர் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. ரயில் வந்த பிறகு அவர் அதில் ஏறியது பெரும்பாலும் ஒரே ஒரு காரியத்துக்குத்தான்: நாகப்பட்டினம் போய், கப்பல் ஏறி, பினாங்குக்கும் மலாயாத் தோட்டங்களுக்கும் போவதற்கு. 'ரஜூலா' என்ற கப்பலின் பெயரை இன்றும் நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். தன் ஊருக்கு ரயில் வர உழைத்தவன் அந்த ரயிலிலேயே ஊரை விட்டுப் போனான்.

எட்டு ஆண்டுகள் முத்துப்பேட்டைதான் கடைசி நிலையம். கடைசி நிலையம் என்றால் ஒரு ஊருக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வண்டி அங்கே நின்றுவிடும். எஞ்சின் தண்ணீர் பிடிக்கும், திரும்பும். அதற்கு அப்பால் போக வேண்டியவர்கள் எல்லாரும் இறங்கித்தான் ஆக வேண்டும். அதிராம்பட்டினத்துக்கும் பட்டுக்கோட்டைக்கும் மாட்டு வண்டி பேசுவார்கள், இரவு தங்குவார்கள், சாப்பிடுவார்கள், சரக்கு இறக்குவார்கள். 1902-இல் பாதை பட்டுக்கோட்டைக்கும் 1903-இல் அறந்தாங்கிக்கும் நீண்டது. அன்றோடு முத்துப்பேட்டை வழியில் இருக்கிற ஒரு நிலையமாகிவிட்டது. வண்டி வந்து நின்று, மணி அடித்து, போய்விடும். ஒரு ஊரின் இறக்கம் அதன் ஏற்றத்துக்குள்ளேயே இருக்கிறது என்று அன்று யாருக்கும் தோன்றியிருக்காது. நாங்களும் இப்போது சொல்வது பின்னால் நின்று பார்ப்பதால்தான்.

உலகத்தின் மறுபக்கத்தில், கனடாவின் சஸ்காச்சுவான் என்ற பகுதியில், பெரிய புல்வெளிகள் இருக்கின்றன. அங்கே ஊர் முதலில் வரவில்லை, ரயில்தான் முதலில் வந்தது. ஏழெட்டு மைலுக்கு ஒரு நிலையம் போட்டார்கள். கோதுமை ஏற்றிக் குதிரை வண்டி கட்டி வருகிற விவசாயி பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும், அதுதான் கணக்கு. நிலையத்தை ஒட்டி மரத்தால் ஆன உயரமான தானியக் களஞ்சியம், பிறகு கடை, தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், கோவில். லாரி வந்தது. தானியத்தை ரயிலில் ஏற்ற அரசு கொடுத்துவந்த மானியம் 1995-இல் நின்றது. கிளைப் பாதைகளைப் பிடுங்கினார்கள், களஞ்சியங்களை இடித்தார்கள், பல கோவில்களைப் பூட்டினார்கள். அந்த ஊர்களுக்கு ரயிலைத் தவிர வேறு தாய் இல்லை. ரயில் போனதும் ஊரும் போனது.

நம் நாட்டில் தனுஷ்கோடி இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் ஒரே இரவில் நிலையமும் ஊரும் அழிந்தன. அங்கே இடிந்து நிற்கிற நம் கோவிலின் சுவரைப் பார்க்காத சுற்றுலாப் பயணி இல்லை. பக்கத்திலேயே மன்னார்குடி இருக்கிறது. 1976-இல் நின்ற ரயிலை அந்த ஊர் 2011-இல்தான் மறுபடி கண்டது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குப் போன பாதை எண்பதுகளில் மூடப்பட்டது, இன்றுவரை வரவில்லை. எங்கள் கதை இவற்றில் எதுவும் அல்ல. எங்கள் ஊர் அழியவில்லை, பூட்டப்படவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. தேய்வதைக் கண்ணால் பார்ப்பது கடினம், நேயர்களே.

எங்கள் மீட்டர்கேஜ் வண்டியை நினைவிருக்கிறவர்களுக்கு அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதும் நினைவிருக்கும். தில்லைவிளாகத்தில் ஏறுகிற கீரைக்கட்டு, தம்பிக்கோட்டையில் ஏறுகிற தேங்காய், பட்டுக்கோட்டைக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள், தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளியும் கூடவே தூக்குச் சட்டியும். கந்தூரி நாட்களில் ஜாம்புவானோடை தர்காவுக்கு வருகிறவர்கள், செப்டம்பரில் வேளாங்கண்ணி அன்னையிடம் போகிற நம்மவர்கள், ஆழித்தேர் பார்க்கத் திருவாரூர் போகிறவர்கள், எல்லாரும் ஒரே மரப்பலகையில் நெருக்கி உட்காருவார்கள். சென்னையிலிருந்து காரைக்குடிக்குப் போன கம்பன் எக்ஸ்பிரஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. வெளியூரில் வேலை பார்த்தவர்கள் அதில் வந்து விடியற்காலையில் இறங்குவார்கள்.

முதலில் கம்பன் போனது. விழுப்புரம் – மயிலாடுதுறை பாதையை அகலப்படுத்த 2006-ஆம் ஆண்டு வாக்கில் மூடினார்கள். பிறகு 2012-இல் திருவாரூர் – காரைக்குடிப் பாதையையும் அதே வேலைக்காக மூடினார்கள். அகலப்பாதை வரப்போகிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். இரண்டு வருடம் என்று நினைத்தோம். ஏழு வருடம் ஆனது.

அந்த ஏழு வருடத்தில் வேறொன்றும் நடந்தது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பதுதான் வழக்கம். அந்தத் தேதியை நம்பித்தான் டெல்டாவில் குறுவை. 2012-இலிருந்து எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் தண்ணீர் வரவில்லை. 2020-இல்தான் மறுபடி வந்தது. ஆற்றின் கடைசியில் இருக்கிற எங்களுக்கு, மேலே திறந்தாலும் தண்ணீர் வந்து சேர நாளாகும். ரயிலும் இல்லை, தண்ணீரும் நேரத்துக்கு இல்லை. இதற்கு நடுவில் 2018 நவம்பர் 16-இல் கஜா புயல். தென்னை போய்விட்டது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அன்று காலை எங்கள் கோவில் வாசலில் வந்து நின்றவர்களின் முகத்தை ஒரு வரியில் சொல்ல முடியாது. பிள்ளைகள் திருப்பூருக்குப் போனார்கள், சென்னைக்குப் போனார்கள், சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். ஞாயிறு திருப்பலியில் முன்வரிசை வயதானவர்களாலும் பின்வரிசை காலியாகவும் இருந்தது.

தண்டவாளத்தை எடுத்த இடத்தில் சரளைக்கல்லும் கருவேல முள்ளும் இருந்தன. மாலையில் சிலர் அந்த மேட்டில் நடைபயிற்சி போனார்கள். நிலையத்துக்கு வெளியே இருந்த டீக்கடை மூடியது. வாடகைக் கார்க்காரர்கள் பஸ் நிலையத்துக்கு இடம் மாறினார்கள். நாங்கள் மனு எழுதினோம். எல்லா மதத்தாரும், வணிகர்களும், நாங்களும் சேர்ந்து எத்தனையோ மனுக்கள். மாணவர்கள், நோயாளிகள், வியாபாரிகள், திருத்தலங்களுக்குச் செல்லும் பக்தர்கள் என்று எல்லாரையும் எழுதினோம். நல்ல மனுக்கள்தான். ஆனால் அவற்றில் ஒருவரை விட்டுவிட்டோம். அதைச் சொல்லத்தான் இன்று இந்த மறையுரை.

எங்கள் தெருவுக்கு வாரத்தில் மூன்று நாள் ஒரு அம்மா மீன் கொண்டுவருவார். கரைப்பக்கத்துக் கிராமத்துக்காரர். விடியற்காலை ஏலத்தில் எடுத்து, ரயிலில் கூடையோடு ஏறி, தரையில் கூடையை வைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வருவார். கொடுவா, மடவை, சில நாள் காயல் இறால். அவர் மாதிரி பத்துப் பன்னிரண்டு பெண்கள். சிலர் எங்கள் ஊரில் இறங்குவார்கள், சிலர் திருத்துறைப்பூண்டிக்கும் உள்நாட்டுக் கிராமங்களுக்கும் போவார்கள். அந்தப் பெட்டியில் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள் என்பதும் உண்மை.

ரயில் நின்ற பிறகு அவர் வருவது நின்றது. நாங்கள் கவனித்தது எப்படித் தெரியுமா? மீன் வரவில்லை என்று. 'மீன்காரம்மாவைக் காணோமே' என்று யாரோ ஒருவர் சொன்னார், அடுத்த வாரம் வண்டியில் ஒரு தம்பி மீன் கொண்டுவந்தார், பேச்சு முடிந்தது. அவர் என்ன ஆனார் என்று கேட்க எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதுவும் தேடிப் போய்க் கேட்கவில்லை. கிளைப்பங்கு ஒன்றில் திருப்பலி முடித்துத் திரும்பும்போது வழியில் பார்த்தோம். நூறு நாள் வேலையில் வாய்க்கால் கரையில் மண் சுமந்துகொண்டிருந்தார்.

"பஸ்ஸுல கூடைய ஏத்த மாட்டேங்குறாங்க சாமி. தண்ணி சொட்டுதுங்குறாங்க, நாத்தமடிக்குதுங்குறாங்க. ஒருநா பாதி வழியில எறக்கி விட்டுட்டாங்க. வெயில்ல நின்னு, அத்தனையும் கெட்டுப் போச்சு. வட்டிக்கு வாங்கிப் போட்ட காசு. வண்டி இல்லாம நான் எங்க வர்றது?"

யாரையும் குறை சொல்லும் குரலில் அவர் இதைச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வது போலச் சொன்னார். நாங்கள்தான் தலையைக் குனிந்துகொண்டோம். எங்களுடைய அத்தனை மனுவிலும் மீன் கூடை என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை.

நேயர்களே, கப்பர்நாகூமை நினைத்துப் பாருங்கள். கலிலேயக் கடலின் கரையில், வணிகப் பாதை ஓரத்தில் இருந்த ஊர். இரண்டு ஆட்சிகளின் எல்லையருகே இருந்ததால் அங்கே சுங்கச்சாவடி இருந்தது. மத்தேயு உட்கார்ந்திருந்தது அதில்தான். மீன் வியாபாரம், வரி, வந்து போகிற வண்டிகள். நாசரேத்தூரை விட்டு வந்த ஆண்டவர் அங்கே குடியேறினார். மத்தேயு நற்செய்தி 9-ஆம் அதிகாரம் அதை அவருடைய சொந்த ஊர் என்றே சொல்கிறது. அதே நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தில் அந்த ஊரை நினைத்து அவர் கடுமையாக வருந்துகிறார். எதற்காக? வியாபாரம் குறைந்ததற்காக அல்ல. இத்தனை வல்ல செயல்கள் தன் தெருவிலேயே நடந்தும் அந்த ஊர் மனம் திரும்பவில்லை என்பதற்காக. அவர் சுங்கச்சாவடிக்குப் போனபோது வசூல் எவ்வளவு என்று கேட்கவில்லை, அங்கே உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தார். பேதுருவின் வீட்டுக்குப் போனபோது காய்ச்சலில் படுத்திருந்த மாமியாரைப் பார்த்தார். ஊரை அவர் எண்ணியது இப்படித்தான், ஆள் ஆளாக.

கப்பர்நாகூம் பிற்பாடு ஆளில்லாமல் போய், கருங்கல் குவியலாகக் கிடந்தது. பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள் அந்த இடத்தை வாங்கியது 1894-இல். எங்கள் ஊருக்கு ரயில் வந்த அதே ஆண்டு. இதில் பெரிய பொருள் எதுவும் இல்லை. படித்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது, அதனால் சொல்கிறோம்.

2019 ஜூன் 1-ஆம் தேதி எங்கள் ஊருக்கு மறுபடி ரயில் வந்தது. மாலை போட்டோம், இனிப்புக் கொடுத்தோம். அகலமான பாதை, புதிய நடைமேடை, டெமு வண்டி. ஆனால் வழியில் இருந்த ரயில்வே கேட்டுகளுக்கு ஆள் போடவில்லை. அதனால் கேட்டுக்காரர்கள் வண்டியிலேயே வந்தார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கி ஓடிப்போய்க் கேட்டை மூடுவார். வண்டி கடந்து மறுபடி நிற்கும். பின்னால் இருப்பவர் கேட்டைத் திறந்துவிட்டு ஏறுவார். திருவாரூரிலிருந்து காரைக்குடிக்குச் சுமார் 150 கிலோமீட்டர்; ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. சிரித்தவர்கள் உண்டு. வெயிலில் இறங்கி ஏறிய அந்தத் தொழிலாளர்களுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது. 2020-இல் கொரோனா வந்து அந்த வண்டியும் நின்று, அடுத்த ஆண்டு திரும்பியது. 2023 ஏப்ரலில் தாம்பரம் – செங்கோட்டை வண்டி வந்தது. வாரத்தில் மூன்று நாள், நாம் தூங்குகிற நேரத்தில் கடந்து போகிறது. எர்ணாகுளத்திலிருந்து வேளாங்கண்ணிக்குப் போகிற வண்டியும் இந்த வழியாகத்தான். அதே ஏப்ரலில் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் பாதையும் திறந்தார்கள். நன்றியோடு சொல்கிறோம், இவை சிறிய காரியங்கள் அல்ல.

ஆனால் மீன் கூடைகள் திரும்பவில்லை. பகலில் வருகிற வண்டியின் நேரம் ஏலத்தின் நேரத்தோடு ஒத்துவரவில்லை. ஏழு வருடத்தில் சிலர் தொழிலை விட்டுவிட்டார்கள், சிலருக்கு முழங்கால் விட்டுவிட்டது. ரயில் போனால் எல்லாரும் இழக்கிறார்கள்; திரும்பி வரும்போது எல்லாருக்கும் திரும்பி வருவதில்லை. மூன்று தம்பிடி காலத்திலும் இதுதான் நடந்தது.

இந்த ஆண்டு வேளாங்கண்ணித் திருவிழா முடிந்த பிறகு, எங்கள் அன்பியத்துப் பெண்கள் ஒன்று சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். அந்த ஏழெட்டுக் கிராமங்களுக்குப் போய், முன்பு ரயிலில் கூடை கொண்டுவந்தவர்கள் யார் யார், இப்போது என்ன செய்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதினார்கள். அதில் இந்துக்கள்தான் அதிகம், நம்மவர்கள் கொஞ்சம், இஸ்லாமியச் சகோதரிகள் இரண்டு பேர். இறந்துபோனவர்கள் பெயரையும் எழுதினார்கள். அந்த நோட்டை வைத்துக்கொண்டு நாங்கள் மறுபடி ஒரு மனு தயார் செய்தோம்: காலையில் ஒரு வண்டி வேண்டும், அதில் கூடை வைக்க இடம் வேண்டும் என்று.

மனுவை அந்த மீன்காரம்மாவிடம் வாசித்துக் காட்ட நினைத்தோம். நாங்கள் போவதாகச் சொல்லி அனுப்பியும் அவரே பகல் வண்டியில் ஏறி வந்துவிட்டார். அவரைக் கூட்டிவரப் போன பிள்ளைகள் சொன்னார்கள், பெட்டியில் இருக்கைகள் காலியாக இருந்தும் அவர் கதவோரத்தில் தரையில்தான் உட்கார்ந்திருந்தாராம். கூடை இல்லாமல் வண்டி ஏறியது இதுதான் முதல் தடவை என்று சொன்னாராம்.

கோவில் திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"ஆறு மணி வண்டின்னு போட்டிருக்கீங்களே சாமி. ஏலம் முடியவே ஆறரை ஆவும். அப்புறம் ஐஸ் போடணும். ஏழேகால்னு போடுங்க."

ஏழேகால் என்று மாற்றினோம். மனு இந்த வாரம் போகிறது.